சுற்றுகிறது, சுடவில்லை

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் அக்கா. டிரையருக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, திருத்துவதா எறிவதா என்றுதானே கேட்கிறீர்கள்? வயதை விடுங்கள், என்ன கெட்டது என்று பார்ப்போம். டிரம் சுற்றுகிறது, சூடுதான் இல்லை என்றால் பாதிக் கவலை தேவையில்லை.

ஸ்காபரோ வீடுகளில் மின்சார டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் தனி இணைப்பு இருக்கும். சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு 240 முழுசாக வேண்டும். மோட்டாருக்குப் பெரும்பாலும் 120 போதும். இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் போய்விட்டால் டிரம் சுற்றக்கூடும், ஆனால் துணி ஈரமாகவே கிடக்கும். அதனால் பிரேக்கரை முழுக்க அணைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். செலவில்லை.

அதற்கும் சூடு வராவிட்டால் வெப்ப ஃபியூஸைச் சந்தேகிக்கலாம். காற்று வெளியேற வழியின்றி உள்ளே சூடு மிஞ்சும்போது தானாக அறுந்துபோகும் சின்னத் துண்டு அது. சில மாடல்களில் மோட்டாரையே நிறுத்திவிடும். விலை அற்பம். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவரை நான் நம்பமாட்டேன். அது ஏன் அறுந்தது? பின்னாலிருக்கும் குழாயில் பஞ்சு அடைத்திருக்கும், அல்லது வெளிச்சுவரில் உள்ள மூடி திறக்காமல் ஒட்டியிருக்கும். மெல்லிய தகட்டுக் குழாய் நசுங்கிக் கிடந்தால் கெட்டியான உலோகக் குழாய் போடுங்கள். பஞ்சு வலையையும் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள்: வாசனைத் தாள் போடுகிற வீடுகளில் அதில் மெழுகு படிந்து தண்ணீர் இறங்காமல் தேங்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் சரி.

பெல்ட், உருளை, சூடேற்றும் சுருள் எல்லாம் திருத்தக் கூடியவை. உதிரிப் பாகத்தைவிடத் திருத்த வருபவரின் கூலிதான் கூட வரும். மோட்டார் போனாலோ, டிரம் துருப்பிடித்துத் துணியில் கறை படிந்தாலோ, மின்னணுப் பலகை கெட்டு அந்த மாடலுக்குப் பலகையே கிடைக்காவிட்டாலோ, பிறகு பணம் போடாதீர்கள். திருகுகிற குமிழ் வைத்த பழைய மெஷினைத்தான், பலகை வைத்த புதியதைவிட, நான் துணிந்து திருத்தச் சொல்வேன்.

புதிதாக வாங்குவதென்றால் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். வெளிக்குழாய் வேண்டாம், குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளாது, மின்சாரமும் நன்றாகக் குறையும். விலைதான் அதிகம், காய நேரமும் எடுக்கும்.

ஆளைக் கூப்பிடுமுன் மாடல் எண்ணைக் கதவின் உள்விளிம்பில் தேடி எழுதி வையுங்கள். பாகம், கூலி, வந்து பார்க்கும் கட்டணம் மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் வரவேண்டாம் என்றுவிடலாம்.