காயலான் கடையில் ராஜா கார்!

குட்டீஸ்... காரின் மூக்கில் யானை பொம்மை பார்த்திருக்கிறீர்களா? பிரான்ஸ் நாட்டில் தயாரான, 'புகாட்டி ராயல்' காரில் உண்டு. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குட்டி யானை! அதை வடித்த சிற்பி ரெம்பிராண்ட் புகாட்டி, கார் தயாரித்த எட்டோரே புகாட்டியின் தம்பி.

ராஜாக்களுக்கு விற்கத்தான் எட்டோரே இதை உருவாக்கினார். நீளம் 6 மீட்டருக்கும் மேல், இன்ஜின் 12.7 லிட்டர். மொத்தம், 25 கார்கள் செய்யத் திட்டம். ஆனால், 1929ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி கெடுத்துவிட்டது. செய்தது 6, விற்றது 3. ஒரு ராஜா கூட வாங்கவில்லை, பாவம்! இந்த இன்ஜினை ரயில் பெட்டிகளில் பொருத்தி ஓட விட்டார் எட்டோரே. கெட்டிக்காரர்தான்!

விற்ற மூன்றில் ஒன்றை, 1932ல் வாங்கியவர் ஒரு ஜெர்மன் டாக்டர். பின், அந்த கார் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே கடும் குளிர். இன்ஜினைக் குளிர வைக்க ஊற்றிய தண்ணீரை யாரும் வடித்து விடவில்லை. தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும் அல்லவா? பனிக்கட்டி நெட்டித் தள்ளியதில், இன்ஜின் விரிசல் விட்டது. கார் காயலான் கடைக்குப் போனது!

அப்போது உலகப்போர் காலம். பழைய இரும்புக்கு ஏக கிராக்கி. உருக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். நல்லவேளை, 1943ல் சார்லஸ் சேய்ன் என்ற கார் இன்ஜினியர், விலை கொடுத்து அதை மீட்டார். சொந்தச் செலவில் பழுது பார்த்து ஓட்டினார். பிறகு, ஹென்றி போர்டு அருங்காட்சியகத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில், இன்றும் அந்த காரைப் பார்க்கலாம்.