மூலையே காவல்

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியில் போகிறவர்கள் ஒரே பகலில் மூன்று கோட்டைகளைப் பார்த்துவிடலாம். மூன்றும் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் மாற்றி அமைத்தவை. மதில் மூலையில் வெளியே துருத்தி நிற்கும் காவல் மேடையே கொத்தளம். மன்னாருக்கு நான்கு கொத்தளங்கள், பூநகரிக்கு இரண்டு, யாழ்ப்பாணத்துக்கு ஐந்து. இந்த எண்ணிக்கைக்குக் காரணம் தெரிந்தால், கோட்டையும் ஒரு போர்க்கருவிதான் என்பது விளங்கிவிடும்.

பீரங்கிக்கு முந்திய காலத்தில் உயரமே பலம். ஏணி எட்டாத மதில் இருந்தால் பாதி வெற்றி. 15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வலுவடைந்ததும் அந்தக் கணக்குப் பொய்த்தது. உயர்ந்த மதில் எளிதில் குறிவைக்கக்கூடிய இலக்காயிற்று; அடிப்பகுதி உடைந்தால் மேற்பாரமே அதைச் சரித்துவிடும். 1494இல் பிரெஞ்சுப் படை பீரங்கிகளுடன் இத்தாலிக்குள் புகுந்த பிறகு, அங்கிருந்த பொறியாளர்கள் புதிய வடிவம் ஒன்றை விரைந்து செம்மைப்படுத்தினார்கள். மதில் தாழ்ந்தது, தடித்தது. கல் முகப்புக்குப் பின்னே மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். குண்டு கல்லைத் துளைத்தாலும் மண்ணில் புதைந்து அடங்கிவிடும்.

ஆனால் தடித்த மதிலின் மேல் நிற்பவனுக்கு அதன் அடி தெரியாது. மூலையில் வட்டக் கோபுரம் வைத்தாலும், அதன் முன்னால் எந்தப் பக்கத்திலிருந்தும் சுட முடியாத ஒரு சிறு இடம் மிஞ்சும். எதிரி அங்கே ஒதுங்கி, மதிலடியைத் தோண்டி வெடிமருந்து வைப்பான். அந்த இடத்தை ஒழிக்கவே கொத்தளம் அம்புமுனை வடிவம் பெற்றது. அதன் பக்கவாட்டில் பீரங்கியை நிறுத்திச் சுட்டால், ஒட்டியிருக்கும் மதிலின் அடியும் அடுத்த கொத்தளத்தின் முகமும் ஒரே வீச்சில் அடங்கும். எந்தக் கொத்தளமும் தன்னைத் தானே காப்பதில்லை. பக்கத்துக் கொத்தளத்தைத்தான் காக்கிறது.

பூநகரியில் இருப்பது சிறிய சதுரக் கோட்டை. எதிரெதிர் மூலைகளில் மட்டும் கொத்தளங்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தொடும் இரண்டு மதில்களைப் பார்த்துக்கொள்ள, நான்கு மதில்களும் அடங்கிவிடுகின்றன. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் கொத்தளங்களின் முகத்தைக் காக்க ஆளில்லை. காவல் நிலையம் அளவுக்கு அது போதும். மன்னாரில் நான்கு மூலைகளிலும் கொத்தளம் இருப்பதால் அந்தக் குறை தீர்ந்தது. எனினும் சதுரத்தின் மூலை 90 பாகைதான். கொத்தளத்தின் முனை ஒடுங்கி, பீரங்கிகளுக்கு இடம் நெருக்கடியாகும். ஐங்கோணத்தின் மூலையோ 108 பாகை. கொத்தளம் அகலமாகும், பீரங்கிகளும் தாராளமாக நிற்கும்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அங்கே கட்டியதும் நாற்பக்கக் கோட்டைதான். மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், அதற்குப் பதிலாக ஐங்கோணக் கோட்டையை எழுப்பினார்கள். சுற்றிலும் அகழி. அகழிக்கு அப்பால் வெளியிலிருந்து மெல்ல உயரும் மண்சரிவு. தூரத்தில் இருக்கும் எதிரிப் பீரங்கிக்கு மதிலின் மேல்விளிம்பு தவிர வேறெதுவும் அகப்படாது. நகருக்கும் கோட்டைக்கும் நடுவே இன்றும் முற்றவெளி திறந்து கிடக்கிறது. மதிலிலிருந்து சுடுகிறவனுக்கு இப்படியொரு வெட்டவெளி அவசியம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் கிடையாது. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டே மதிலைக் கட்டினார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: கல்லின் முகத்தில் நுண்துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு துளையும் ஒரு பவள உயிரி வாழ்ந்த இடம்.

வெளியரண் வேலை 1792இல்தான் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1795இல், சண்டையே இல்லாமல் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது. ஐரோப்பாவில் ஒல்லாந்து பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த ஆண்டு அது. பின்னாளில், உள்நாட்டுப் போரில் நடந்த 1990 முற்றுகையிலும் அதையடுத்த சண்டைகளிலும், 1706இல் கட்டிய தேவாலயம் உட்பட உள்ளிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை அழிந்தன. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் மதில்களைச் சீரமைத்திருக்கிறார்கள்.

அங்கே போனால் வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒரு கொத்தளத்தில் ஏறி, பக்கவாட்டு ஓரத்திலிருந்து அடுத்த கொத்தளத்தைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கு முழுவதும் கண்முன் இருக்கும். பிள்ளைகளை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.