ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,500 லிட்டர் காற்று

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்றால் காற்று 11 கிலோ. நம்மூர் வெயிலில் அது சுமார் 9,500 லிட்டர். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், 80,000 கி.மீ. ஓடி முடிக்கையில் 50,000 கன மீட்டர் காற்றைக் குடித்திருக்கும். திண்டிவனம் அருகே ஓமந்தூர்ப் பக்கம் கார் ஓட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் காற்றோடு சேர்ந்து என்ன வருகிறது என்பதைத்தான்.

திருவக்கரை வட்டாரக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வரும் டிப்பருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போய்ப் பாருங்கள். வைப்பர் போட்டால் கண்ணாடி கரகரக்கும். பானட்டில் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்கைத் தேய்ப்பது அதுதான்.

காற்றில் 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசிக்கு நாட்டின் 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். சாலையில் மொத்தத் தூசி அதைப்போல இரு மடங்கு என்று வைத்தால், 80,000 கி.மீ.க்கு 10 கிராம். பத்தில் ஒரு கிலோமீட்டர் குவாரிச் சாலை, அங்கே கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் இன்னும் 25 கிராம். ஆக 35 கிராம்.

நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், 99.5 என்றால் எஞ்சினுக்குள் போவது 0.175 கிராம். சக்தி கூடும் என்று சிலர் மாட்டும் ரேஸ் ஃபில்டர், அதாவது எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர், பொதுவாக 96 முதல் 99. 97 என்றால் 1.05 கிராம், ஆறு மடங்கு. சதவீதத்தில் பார்த்தால் வித்தியாசம் வெறும் இரண்டரைதான். ரிங்கைத் தேய்க்கும் தூசியோ ஆறு மடங்கு.

பருத்தி ஃபில்டரால் கைக்கு வரும் லாபம் என்ன? இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஐ20 என் லைன் காரை எடுத்துக்கொள்வோம். 998 சிசி, 120 குதிரைத்திறன். 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,994 லிட்டர் இழுக்கும். டர்போ சேர்ந்தால் ஏறத்தாழ 4,800. பருத்தி ஃபில்டர் அங்கே 1 கிலோபாஸ்கல் தடையைக் குறைத்தால், வளிமண்டல அழுத்தமான 101-இல் அது 1 சதவீதம். 1.2 குதிரைத்திறன். டர்போ எஞ்சினில் காகித ஃபில்டரின் அந்தக் குறையைக் கம்ப்யூட்டரே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

சிலர் ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மாட்டுகிறார்கள். சத்தம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 40 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதில் பானட்டுக்குள் வெந்துகிடக்கும் 60 டிகிரி காற்றை இழுத்தால் அடர்த்தி 6 சதவீதம் இறங்கும். இன்டர்கூலர் கொஞ்சம் மீட்கும், முழுதாக அல்ல.

செலவு, தோராய விலையில்: பருத்தி ஃபில்டர் ரூ.5,500, கழுவும் கிட் ரூ.1,800, மொத்தம் ரூ.7,300. காகிதம் ரூ.500, 20,000 கி.மீ.க்கு ஒன்று, நான்குக்கு ரூ.2,000. மிச்சம் ரூ.5,300. லிட்டர் நூறு ரூபாய் என்றால் 53 லிட்டர் பெட்ரோல், திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு மூன்று முறை போய் வரலாம். கையேட்டில் 40,000 கி.மீ. என்று இருந்தாலும் இந்தச் சாலைக்கு 20,000தான் என் கணக்கு.

அதற்காக அடைத்துக் கிடக்கும் ஃபில்டரோடு ஓட்டக் கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்ததில், இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் கூடவில்லை. வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. ரேஸ் ஃபில்டரிடம் எதிர்பார்ப்பதைவிட இது பல மடங்கு அதிகம், ஐந்நூறு ரூபாயில்.

புதிதாக மாட்டி ஆயிரம் கி.மீ. ஓடியபின் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கக் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் மாவுபோல் ஒட்டினால், ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு கிளிப் பிடிக்கவில்லை. அந்த இடுக்கு வழியே போகும் காற்றை எந்த ஃபில்டரும் வடிகட்டுவதில்லை.