பவர்லைன் அடாப்டர்: மின்கம்பி வழியாக வீட்டுக்குள் இணையம்

பவர்லைன் அடாப்டர் என்பது வீட்டுச் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியையே இணையத் தரவு செல்லும் கம்பியாகவும் பயன்படுத்தும் சிறு கருவி ஆகும். இது இரண்டு கருவிகள் கொண்ட இணையாக இயங்கும். ஒன்று ரவுட்டருக்கு அருகிலுள்ள பிளக் பாயிண்டில் செருகப்பட்டு, சிறிய லேன் கேபிளால் ரவுட்டருடன் இணைக்கப்படும். மற்றொன்று இணையம் தேவைப்படும் அறையில் செருகப்படும். அங்கிருந்து இன்னொரு லேன் கேபிள் கணினிக்குச் செல்லும். நடுவில் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. வைஃபை எட்டாத அறைக்கு இணையம் கொண்டுசெல்ல இது ஒரு வழி. ஆனால் இதன் வேகத்தைக் கருவியின் விலையைவிட வீட்டு ஒயரிங்தான் தீர்மானிக்கிறது. நம் ஊர் ஒயரிங்கில் இன்வெர்ட்டர் லைன், பேஸ் மாற்றும் சுவிட்ச் போன்ற சில தனி வழக்கங்கள் உண்டு. வெளிநாட்டில் எழுதப்பட்ட செயல்விளக்கக் கையேடுகளில் இவற்றைப் பற்றி எதுவும் இருக்காது.

தேவை எங்கே எழுகிறது

குடவோலைக் கல்வெட்டால் பெயர்பெற்ற உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் செயல்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களும் கேபிள் டிவி நடத்துவோரும் கம்பத்துக்குக் கம்பம் இழையைக் கொண்டுசெல்கிறார்கள். ஆகவே தெருவரை இணையம் வருவது இப்போது பெரிய சிக்கல் அல்ல. வாசலைத் தாண்டியதும்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருப்பக்கம் திண்ணை, அடுத்து ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கடைசியில் கொல்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். சுவர்கள் ஓர் அடிக்கும் மேல் தடிமனான செங்கல் சுவர்கள். இழை கொண்டுவந்தவர் வேலை சுலபமாக முடியட்டும் என்று முன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பிள்ளைகள் படிக்கும் அறையோ பின்கட்டில் இருக்கும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சற்றுத் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. இணையவழித் தேர்வு எழுதும் மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டிவி ஓடும் கூடத்துக்கு வந்து உட்கார வேண்டியிருக்கிறது. இணையத்துக்கு மாதக் கட்டணம் முழுதாகச் செலுத்தியும் படிக்கும் அறையில் அது கிடைப்பதில்லை.

எப்படி வேலை செய்கிறது

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. அதே செம்புக் கம்பியில் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட மெல்லிய சமிக்ஞை ஒன்றையும் ஏற்றி அனுப்பலாம். இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஏனெனில் அவற்றின் அதிர்வெண்களுக்கு இடையே பல்லாயிரம் மடங்கு வேறுபாடு. மறுமுனையில் உள்ள அடாப்டர் 50 சுழற்சி மின்சாரத்தை வடிகட்டி ஒதுக்கிவிட்டுச் சமிக்ஞையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. மின்வாரியங்கள் பல பத்தாண்டுகளாகத் துணைமின் நிலையங்களுக்கு இடையே தொலைபேசிப் பேச்சையும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளையும் உயரழுத்தக் கம்பி வழியாகவே அனுப்பிவந்தன. துணைமின் நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், சில இடங்களில் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற ஒரு பெரிய சுருள் இருக்கும். சமிக்ஞை நிலையத்தின் மற்றக் கருவிகளுக்குள் போய் வீணாகாமல் தடுப்பது அதன் வேலை.

வீட்டுக்கான கருவிகளுக்குப் பொதுத் தரம் வகுக்க ஹோம்பிளக் என்ற நிறுவனக் கூட்டமைப்பு 2000இல் உருவானது. 2001இல் வந்த முதல் தரத்தின் வேகம் நொடிக்கு 14 மெகாபிட். 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி 200 மெகாபிட். 2010இல் ஐஇஇஇ 1901 என்ற பன்னாட்டுத் தரமும், பின்னர் ஏவி2 வகையும் வந்தன. ஜி.எச்.என் என்பது இவற்றுடன் ஒத்துப்போகாத வேறொரு குடும்பம். ஆகவே ஒரு வகைக் கருவியையும் மற்ற வகைக் கருவியையும் இணை சேர்க்க முடியாது.

ஹோம்பிளக் ஏவி ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைப்பரப்பை 917 சிறு வாய்க்கால்களாகப் பிரிக்கிறது. இரைச்சல் குறைந்த வாய்க்காலில் அதிகத் தரவையும், இரைச்சல் மிகுந்ததில் கொஞ்சத் தரவையும் விடுகிறது. மிக மோசமானதை மூடிவிடுகிறது. நிலைமையைத் தொடர்ந்து அளந்து இந்தப் பங்கீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு வேகமும் விளக்குகள் எரியும் மாலையில் வேறொரு வேகமும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

பெட்டியில் அச்சிட்ட எண்

பெட்டியின் மேல் 600, 1000 என்றிருக்கும் எண்களை நம்பி வாங்குவோர் ஏமாறுவது வழக்கம். அந்த எண் கம்பியில் ஓடக்கூடிய உச்ச வேகத்தின் கணக்கு. பிழைதிருத்தத்துக்கும் ஒழுங்குக்கும் போக, கணினிக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு; பழைய ஒயரிங்கில் அதைவிடவும் மிகக் குறைவு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில் மாறி மாறி நடப்பதால் வீட்டில் உள்ள எல்லா அடாப்டர்களும் இந்த வேகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இன்னொரு வேடிக்கை: 600 என்று விற்கப்படும் கருவிகள் சிலவற்றில் லேன் கேபிள் செருகும் இடம் 100 மெகாபிட் மட்டுமே தாங்கும். வாங்குமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது. ஆனாலும் 30, 40 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் காணொளி வகுப்புக்கும் தேர்வுக்கும் தாராளமாகப் போதும். படிக்கும் அறைக்குத் தேவை உச்ச வேகமல்ல, அறுபடாத இணைப்பு.

ஒயரிங்கில் பார்க்க வேண்டியவை

முதலில் பேஸ். ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டில் எல்லா அறையும் ஒரே பேஸில் இருக்கும், கவலையில்லை. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் கூடம் ஒரு பேஸிலும் பின்கட்டு வேறு பேஸிலும் இருக்கலாம். அப்போது சமிக்ஞை நேராகப் போக வழியில்லை. அருகருகே ஓடும் கம்பிகளுக்கு இடையே கசிவதை நம்பித்தான் பிழைக்க வேண்டும். வேகம் மிகவும் சரியும், சில வீடுகளில் இணைப்பே கிடைக்காது. கிராமங்களில் இதில் ஒரு சிறப்புச் சிக்கலும் உண்டு. ஒரு பேஸில் மின்சாரம் போனாலோ லோ வோல்டேஜ் வந்தாலோ வேறு பேஸுக்குத் திருப்பிக்கொள்ள மெயின் போர்டில் ஒரு சுழல் சுவிட்ச் வைத்திருப்பார்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய இணைப்பு இன்று படுத்துவிட்டால் அடாப்டரைச் சந்தேகிக்கும் முன், இரவில் யாராவது பேஸ் மாற்றினார்களா என்று வீட்டில் கேட்க வேண்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். மின்தடைக்குப் பழகிய நம் வீடுகளில் பிளக் பாயிண்டுகள் இரண்டு வகை: இன்வெர்ட்டர் லைனில் இருப்பவை, நேரடி ஈபி லைனில் இருப்பவை. ரவுட்டர் வழக்கமாக இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். இரண்டாவது அடாப்டரை ஈபி லைனில் செருகினால் இரண்டு தொல்லை. சமிக்ஞை இன்வெர்ட்டரின் உள்ளே புகுந்து வர வேண்டும். அங்குள்ள வடிகட்டி அதைத் தின்றுவிடலாம். மேலும், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ரவுட்டர் எரியும், பின்கட்டு அடாப்டர் அணைந்திருக்கும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைப்பதுதான் சரி. அப்படி வைத்தாலும், பேட்டரியில் ஓடும்போது சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர்கள் இரைச்சலைக் கிளப்பும், இணைப்பு தடுமாறலாம். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

அடாப்டரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர், சர்ஜ் தடுப்பான் ஆகியவற்றில் உள்ள வடிகட்டிகள் உயர் அதிர்வெண்ணை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும். அடாப்டருக்கு வேண்டியதோ அந்த உயர் அதிர்வெண்தான்.

இரைச்சல் கிளப்புவோரில் முதலிடம் மிக்ஸிக்கு. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறப்பதே காரணம். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் வேகம் விழுந்து பிறகு எழும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட மோசம், மலிவான எல்இடி பல்புகளும் போன் சார்ஜர்களும்; அவை நாள் முழுதும் அமைதியாக இருந்தபடியே கம்பியை அழுக்காக்கும். அடாப்டருக்குப் பக்கத்துத் துளையில் சார்ஜர் செருகாதிருப்பது எளிய மருந்து.

எர்த் பற்றியும் ஒரு சொல். ஏவி2 வகைக் கருவிகளில் சில பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டுகின்றன. மூன்றாவது துளை இருந்தும் அதன் பின்னால் எர்த் கம்பியே இல்லாத வீடுகள் ஏராளம். அங்கே கூடுதல் விலைக்குப் பயனில்லை. எர்த் இல்லாதது இணையத்தைவிடப் பெரிய ஆபத்து என்பதால், அடாப்டரை வாங்குமுன் ஒயர்மேனை அழைத்து அதைச் சரிசெய்வது முந்திய வேலை. வெளிநாட்டு முனையுடன் வரும் கருவியைத் தளர்வான கன்வெர்ட்டர் வழியாகச் செருகுவதும் நல்லதல்ல.

பக்கத்து வீடும் கடவுச்சாவியும்

மின்மீட்டர் ஒரு சுவர் அல்ல. ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் உள்ள அடுத்தடுத்த வீடுகளுக்குச் சமிக்ஞை மெலிந்தபடி கசியலாம். தரவு 128 பிட் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஹோம்பிளக் ஏவி கருவிகள் தொழிற்சாலையிலிருந்து ஒரே பொதுச் சாவியுடன் வருவது வழக்கம். மாற்றாமல் விட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிய அடாப்டரும் நம் வலையில் சேர்ந்துவிடக்கூடும். இரண்டு கருவிகளிலும் உள்ள இணைப்புப் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால் புதிய சாவி உருவாகிவிடும். இதை முதல் நாளே, இரண்டையும் அருகருகே செருகிவைத்துச் செய்துவிட்டுப் பிறகு அறை மாற்றலாம். மாற்றியபின் மாலை ஏழு மணிக்கு, எல்லா விளக்கும் எரியும்போது வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். நண்பகலில் கிடைக்கும் எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது.

மின்செலவு சொற்பம். ஓர் அடாப்டர் 3 வாட் என்று கொண்டால், இரண்டும் நாள் முழுதும் எரிய இரண்டு மாத பில்லில் சுமார் 8.6 யூனிட் ஆகும்.

இது தேவையில்லாத இடங்களும் எட்டாத இடங்களும்

அடாப்டரைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இழைப் பெட்டியையே நகர்த்த முடியுமா? கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது; சுவரோரமாகப் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக இழுத்து வீட்டின் நடுவில் பெட்டியை வைத்தால் பல வீடுகளில் வைஃபையே போதும். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் முதல் நாளே சொன்னால் பெரும்பாலும் செய்துதருவார். வீடு கட்டும்போதோ வெள்ளையடிக்கும்போதோ ஒரு லேன் கேபிள் போட்டுவிடுவது இதைவிடச் சிறந்தது. 100 மீட்டர் வரை அதன் வேகம் குறையாது. மிக்ஸியும் இன்வெர்ட்டரும் அதைத் தொடுவதில்லை. மின்கம்பி ஓடும் அதே பைப்பில் மட்டும் அதைப் போடக்கூடாது. சுவரை உடைக்க முடியாத வாடகை வீடும், கேபிள் வெளியே தெரியக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லும் பழைய வீடும்தான் பவர்லைன் அடாப்டருக்கு உரிய இடங்கள்.

வயல் மோட்டார் கொட்டகையில் கேமரா வைக்க விரும்புவோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே இது பயன்படாது. பம்புசெட்டுக்குரிய மின் இணைப்பு வீட்டு இணைப்பிலிருந்து தனியானது. பெரும்பாலும் வேறொரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டி இந்தச் சமிக்ஞை செல்லாது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தால், ஒன்றையொன்று நோக்கும் இரு வைஃபை ஆன்டெனாக்கள் போதும். தெரியாவிட்டால் சிம் கார்டு போடும் கேமராவே வழி.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் மாலைகளில் அடாப்டர்களைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். சர்ஜ் தடுப்பான் இல்லாமல் நேரடியாகச் செருகப்படும் கருவி இது. வெளிக்கம்பி வழியாக வரும் மின்னழுத்தப் பாய்ச்சல் அடாப்டரை மட்டுமல்லாமல், லேன் கேபிள் வழியாக ரவுட்டரையும் மறுபக்கக் கணினியையும் சேர்த்தே எரித்துவிடக்கூடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கையால் உருவி எடுக்க வேண்டும்.