கணிப்பொறியின் பணிமேடையும் வீட்டுத் தமிழும்

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், காளத்திக்கு முன்னர் அமைந்துள்ள ஊர் ஏர்பேடு. 1953 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்த இவ்வட்டாரம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐ.ஐ.டி.யும், ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் தம் நிலையான வளாகங்களை இங்கேயே அமைத்துக் கொண்டுள்ளன. தொழிலை முன்னிட்டு இத்தகைய ஊர்களில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் பேச்சில் நிலைத்தாலும், எழுத்தில் நிலைப்பது வீட்டார் எடுக்கும் முயற்சியைப் பொறுத்ததேயாகும்.

அம்முயற்சிக்கு உற்ற துணையாகக்கூடிய பொருள் ஒன்று இன்று பல இல்லங்களில் உள்ளது. அதுவே கணிப்பொறி. பிள்ளைகள் நாள்தோறும் நோக்கும் அதன் திரை தமிழில் அமையுமாயின், நாள்தோறும் சில சொற்களையேனும் அவர்கள் தமிழில் படிப்பர். ஆனால் பொறியைப் புதுப்பிக்குங்கால் முதலில் கைவிடப்படுவதும் தமிழேயாகும். புதிய அமைப்பில் தமிழ் விசைப்பலகை உடனே கிட்டாவிடின், “பிறகு பார்த்துக் கொள்வோம்” என்று ஆங்கிலத்திலேயே தட்டச்சிடத் தொடங்குகிறோம். அந்தப் “பிறகு” எளிதில் வருவதில்லை.

இதனை இப்பொழுது எண்ணுதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய கணிப்பொறிகள் பல அதன் அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி உடையன அல்ல. நன்கு உழைக்கும் பொறியை வீசிவிட வேண்டுமோ எனக் கலங்குவோர்க்கு, லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளம் ஒரு வழியாகும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அப்பணி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 2017 நவம்பர் முதல், உலகின் முதல் ஐந்நூறு மீக்கணிப்பொறிகளும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. அதனை விலையின்றிப் பெறலாம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

லினக்ஸில் இயங்குதளம் வேறு, பணிமேடை வேறு. நாம் காணும் முகப்பு, பட்டியல்கள், சாளரங்கள், கோப்புறைகள் ஆகியவற்றின் தொகுதியே பணிமேடை எனப்படும். 1996 அக்டோபரில் ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிக் கே.டி.இ. என்னும் பணிமேடைத் திட்டத்தை அறிவித்தார். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் தெ இகாசா, ஃபெடெரிகோ மெனா ஆகிய இருவரும் க்னோம் என்னும் மற்றொன்றைத் தொடங்கினர். இவ்விரண்டிற்கும் தமிழ் முகம் அளித்தோர், பல நாடுகளில் வாழ்ந்து ஓய்வு நேரத்தில் உழைத்த தமிழ்த் தொண்டர்களே என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

புதுப்பித்தல் எல்லோர்க்கும் இனிப்பதன்று. 2011இல் க்னோம் தன் மூன்றாம் பதிப்பில் முகத்தை முற்றிலும் மாற்றியபொழுது, பழகிய அமைப்பை விரும்பியோர் மாத்தே, சின்னமன் என்னும் வேறு பணிமேடைகளை உருவாக்கிக் கொண்டனர். மூலநிரல் திறந்திருந்தமையால் அஃது இயன்றது. ஆகவே புதியது வந்ததென்று மயங்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. பாட்டியின் கைக்குப் பழகிய மேடையையே அவருக்கு விட்டுவைக்கலாம்.

இனிப் புதுப்பிக்கும் முறையைக் காண்போம். முதலாவது, படங்களும் கடிதங்களும் சான்றிதழ்களும் அடங்கிய இல்லக் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்தல் வேண்டும். அந்நகலை வேறொரு பொறியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த செயலில் இறங்குதல் நன்று. இரண்டாவது, புதிய பதிப்பைப் பென்டிரைவில் பதிந்து, அதிலிருந்தே பொறியை இயக்கிப் பார்த்தல். இதனால் உள்வட்டில் உள்ளவை மாறுவதில்லை. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ் எழுத்து ஆகிய நான்கும் செவ்வையாக உள்ளனவா என அறியலாம். மூன்றாவது, லினக்ஸ் முன்னரே உள்ள பொறியாயின், இருக்கும் பதிப்பின் திருத்தங்களை முற்றும் ஏற்றுக்கொண்டு, வெளியிலிருந்து சேர்த்த நீட்சிகளை நிறுத்திவிட்டுப் பின்னர் மேற்பதிப்பிற்குச் செல்லுதல். க்னோமின் நீட்சிகள் பதிப்பிற்குப் பதிப்பு பொருந்தாமற் போவதுண்டு.

அடிக்கடி மாற்றம் வேண்டாத இல்லங்களுக்கு உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பு ஏற்றது. ஈராண்டுக்கொருமுறை ஏப்ரலில் வெளிவரும் அதற்கு ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பும் நிலையானதே.

புதுப்பித்த பின் திரை கோணினால் உடனே அனைத்தையும் அழித்துவிடலாகாது. புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் சீராயிருப்பின், குறை பெரும்பாலும் பழைய கணக்கின் அமைப்புகளில் உள்ளதெனத் தெளியலாம். அவ்வமைப்புகளிற் பல, இல்லக் கோப்புறையில் பெயரின் முன் புள்ளியிட்டு மறைந்திருக்கும் “கான்ஃபிக்” என்னும் கோப்புறையில் உள்ளன. அதனை நீக்காமல் பெயர் மாற்றி வைத்தால், வேண்டியபொழுது மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தமிழ். க்னோமில் அமைப்புகளுள் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்க்கலாம். தெலுங்கையும் உடன் சேர்க்கலாம். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் மொழி மாறும். கே.டி.இ.யின் பிளாஸ்மா 6ஆம் பதிப்பு, 2024 பிப்ரவரி முதல், வேலேண்டு என்னும் புதிய திரை முறையை இயல்பாகக் கொண்டது. ஆங்கே ஃபெசிட்டிக்ஸ் 5 என்னும் உள்ளீட்டு மென்பொருளை நிறுவியதோடு அமையாமல், அமைப்புகளில் “மெய்நிகர் விசைப்பலகை” என்னும் இடத்திலும் அதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இவ்வொரு படியை விட்டமையால் தமிழ் வரவில்லையென்று சோர்வோர் உண்டு.

விசைப்பலகைகளுள் தமிழ்99 பிள்ளைகளுக்கு உகந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருப்பெற்ற அதில், உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் “கி” தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தைப் பிள்ளையின் விரல்களே கற்றுக்கொள்கின்றன. எழுத்துருக்களுக்கு நோட்டோ, லோகித் ஆகியவை போதும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அடித்த பழங்கடிதங்கள் இருப்பின், பொறியை மாற்றுமுன்பே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் வேண்டும். இன்றேல் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

இவற்றுள் சிறந்த வசதி ஒன்றுண்டு. ஒரே பொறியில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கும், தனி மொழியும், தனி எழுத்தளவும், தனிப் பணிமேடையும் அமைக்கலாம். தந்தையார் அலுவலுக்கு ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளட்டும். பாட்டிக்குப் பெரிய எழுத்தில் தமிழ் அமையட்டும். பிள்ளையின் கணக்கும் தமிழிலேயே அமையட்டும். “கோப்பு”, “திற”, “சேமி” என்னும் சொற்கள் அதன் கண்ணுக்கு நாளடைவில் பழகிவிடும்.

தமிழ்த் திரையில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் எஞ்சி நிற்பதைக் காண்பீர்கள். மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் நிறைவுறவில்லை என்பதே அதன் பொருள். கே.டி.இ., க்னோம் ஆகிய இரண்டிலும் மொழிபெயர்ப்புப் பணி எவர்க்கும் திறந்தே உள்ளது. அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. தமிழும் ஆங்கிலமும் அறிந்த நம் இல்லத்தார், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுடன் அமர்ந்து பத்துச் சொற்றொடர்களைத் தமிழாக்கினால், அடுத்த பதிப்பில் அவை உலகெங்குமுள்ள தமிழர் திரைகளில் தோன்றக்கூடும். இவ்விடுமுறையில் அன்பர்கள் தம் பொறியைப் புதுப்பிக்குங்கால், தமிழை முதல் நாளிலேயே அமைத்துவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.