கணிப்பொறிக்கு வரிசை வைப்பது யார்?

ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் போதும். அந்தத் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் பாய வேண்டும் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அதை ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். தருமபுரி போன்ற வானம் பார்த்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக்கும் இதே சிக்கல் உண்டு என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1963 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. சென்னையிலுள்ள தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் ஐ.பி.எம். 370/155 கிடைத்தது. அந்நாளில் கழகம் முழுவதற்கும் ஒரே கணிப்பொறிதான். மேசைக்கு ஒன்று என்பதெல்லாம் கனவிலும் கிடையாது. நிரலின் ஒவ்வொரு வரியையும் 80 நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டையில் துளையிட்டு, அட்டைக் கட்டை மையத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிறகு வந்து விடைத்தாளை வாங்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் மறுபடியும் வரிசைதான்.

இந்த வரிசையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மூன்று பேர் அட்டைக் கட்டுகளுடன் நிற்கிறார்கள் எனக் கொள்வோம். முதலாமவருடைய வேலைக்கு 60 நிமிடம், இரண்டாமவருக்கு 5 நிமிடம், மூன்றாமவருக்கு 1 நிமிடம் ஆகும். வந்த வரிசைப்படியே செய்தால் அவர்கள் காத்திருக்கும் நேரம் முறையே 0, 60, 65 நிமிடங்கள். சராசரி ஏறத்தாழ 42 நிமிடம். சிறிய வேலையை முதலில் எடுத்தால் காத்திருக்கும் நேரம் 0, 1, 6 என ஆகிறது. சராசரி 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே! கணிப்பொறியின் வேகம் அப்படியேதான் இருக்கிறது. வரிசை மட்டுமே மாறியது.

அப்படியானால் சிறிய வேலைக்கே எப்போதும் முன்னுரிமை கொடுத்துவிடலாமே என்பீர்கள். ஆனால் சிறிய வேலைகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் 60 நிமிட வேலைக்காரர் என்ன ஆவார்? அவர் முறை வரவே வராது. அவர் ஓர் ஆராய்ச்சி மாணவராக இருக்கலாம். அந்த ஒரு விடைக்காக அவருடைய ஆய்வேடு காத்துக்கிடக்கலாம். கணிப்பொறி இயலில் இந்த நிலையைப் 'பட்டினி' என்றே அழைக்கிறார்கள். பகலில் சிறிய வேலை, இரவில் பெரிய வேலை என்று பிரிக்கலாம். ஒவ்வொரு துறைக்கும் இத்தனை மணி என்று பங்கு வைக்கலாம். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறும்படியும் செய்யலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொறியாளரைக் கேட்டால், ஒவ்வொன்றின் விளைவையும் கணக்கிட்டுச் சொல்வார். எது நியாயம் என்று சொல்வது அவர் வேலையன்று.

கான்பூரில் எடுத்த முடிவுகளும் அத்தகையவையே. நிரல் எழுதுவதைப் பொறியியல் மாணவர் அனைவருக்கும் பாடமாக்கினார்கள். பிற நிறுவனங்களின் விஞ்ஞானிகளுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். விலையுயர்ந்த பொறியைச் சில ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருந்தால் அதையும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அங்கே 1965-இலேயே கணிப்பொறி இயலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பு தொடங்க முடிந்ததற்கு அந்தத் திறந்த கதவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்று அட்டைக் கட்டுகள் இல்லை. வரிசை மட்டும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் வழங்கி, அதாவது கேட்பவருக்குத் தகவலை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி, ஒரு நொடிக்கு 100 கோரிக்கைகளை முடிக்க வல்லது என்று கொள்வோம். கோரிக்கைகள் ஒழுங்கின்றி, மழைத்துளி விழுவதுபோல் வருகின்றன. அப்போது ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரி நேரத்தைக் காண எளிய வழி உண்டு: 100-இலிருந்து நொடிக்கு வரும் கோரிக்கைகளின் எண்ணைக் கழித்து, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். 50 பேர் வந்தால் 0.02 நொடி. 90 பேர் வந்தால் 0.1 நொடி. 99 பேர் வந்தால் 1 நொடி. கூட்டம் இரு மடங்குகூட ஆகவில்லை. நேரமோ 50 மடங்கு ஆகிவிட்டது! 100-ஐத் தாண்டினால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். 'இணையதளம் படுத்துவிட்டது' என்று நாம் சலித்துக்கொள்வது இதைத்தான்.

இன்னும் நான்கு வழங்கிகள் வாங்கினால் தீருமா? தீரும். ஆனால் ஆண்டில் இரண்டு நாள் கூட்டத்துக்காக மற்ற நாள்களில் அவை சும்மா இருக்கும். ஒவ்வொரு பாடப் பிரிவின் முடிவையும் ஒவ்வொரு நேரத்தில் வெளியிட்டாலும் தீரும். அதற்குச் செலவே இல்லை. நம் மாநிலத்தில் பிளஸ் டூ முடிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட இணையதளங்களிலும், பதிவு செய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் வருவது இந்த நெரிசலைப் பிரித்துவிடுகிறது.

சித்தேரி மலையில் இருக்கும் மாணவியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவள் கைப்பேசிக்கு நொடிக்கு 200 கிலோபிட் வேகந்தான் கிடைக்கிறது என்போம். பல்கலைக்கழகத்தின் பக்கம் படங்களும் அலங்காரமுமாக 5 மெகாபைட் இருந்தால், அது வந்து சேர 200 நொடி ஆகும். மூன்று நிமிடத்துக்கும் மேல். அதே செய்தி 100 கிலோபைட்டில் இருந்தால் 4 நொடி போதும். அகலமான இணைப்புள்ள அறையில் அமர்ந்து பக்கத்தை வடிவமைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எனவேதான் யார் முடிவு செய்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. 1997-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் உள்ளன. இத்தகைய பல்கலைக்கழகங்களில் பணத்தையும் விதிகளையும் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் ஆட்சிக்குழுவிடம் இருக்கும். துணைவேந்தர் அதன் தலைவர். கணிப்பொறி பற்றி ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தால், அது பரிந்துரை மட்டுமே செய்யும்; ஆணையிடாது. கணிப்பொறி மையத்தினர், தேர்வுப் பிரிவினர், நூலகர், நிதி அலுவலர் ஆகியோர் அதில் இருப்பது இயல்பு. இவர்களுடன் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் ஆசிரியரும், ஒரு மாணவரும் இருக்க வேண்டும் என்பேன். 'பக்கம் 100 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது' என்னும் தீர்மானம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

உங்கள் மதிப்பெண்ணுக்கும் இதில் பங்குண்டு. கணிப்பொறியில் 38-ஐ 83 ஆக்க இரண்டு விசைகளைத் தட்டினால் போதும். தாளில் அடித்துத் திருத்தினால் தடம் தெரியும், இங்கே தெரியாது. ஆகவே மதிப்பெண்ணைப் பதிபவர் ஒருவர், அதற்கு ஒப்புதல் தருபவர் மற்றொருவர் என்று வைக்க வேண்டும். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருப்பதுபோல. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்று தானே எழுதிக்கொள்ளும் பதிவேடும் வேண்டும். அதை அவ்விருவராலும் அழிக்க முடியாதிருக்க வேண்டும். மைய அரசின் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டளைப்படி, ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு துறையில் தட்டெழுதிய வினாத்தாள் அடுத்த துறையின் கணிப்பொறியில் புரியாத குறிகளாகத் தெரிந்த காலம் உண்டு. 8 பிட்டுகளைக் கொண்டு 256 எண்களே அமைக்க முடியும். அவற்றில் எந்த எண் எந்தத் தமிழ் எழுத்துக்கு என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம்போல் வைத்துக்கொண்டது. 1999-இல் டாம், டேப் என்ற முறைகள் தரமாக்கப்பட்டன. பிறகு 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையையும், டேஸ்-16 என்ற 16 பிட் முறையையும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் 'அ' என்றால் எந்நாட்டிலும் 2949-தான். எழுத்துருவை அவரவர் தேர்ந்துகொள்ளலாம், எண்ணை மட்டும் மாற்றக் கூடாது.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு. நான்கு வேலைகள் 30, 10, 2, 8 நிமிடம் என்ற வரிசையில் வருகின்றன. வந்தபடியே செய்தால் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு? சிறியது முதலில் என்றால் எவ்வளவு? (விடை: 28 நிமிடம், 8 நிமிடம்.) கணக்கு முடிந்ததும், முதலில் வந்து கடைசியாகத் தள்ளப்பட்ட 30 நிமிடக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று உங்கள் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.