விரலுக்குத் தட்டுப்படும் கணு

புதுப்பட்டினம் குப்பத்தில் வெயில் ஏறுகிற நேரம், படகு நிழலில் உட்கார்ந்து அறுந்த வலையைச் சரிபார்ப்பவரின் விரலைக் கொஞ்சம் பாருங்கள். கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே போகும்; அறுந்த இடம் வந்ததும் நின்றுவிடும்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் இன்னொரு விரல் இதே வேலையைச் செய்கிறது. வெட்டியெடுத்த குடலை ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைப் பிசைந்து பிசைந்து, பயறளவு நிணநீர்க் கணுக்களை நோயியல் மருத்துவர் தேடுகிறார். குறைந்தது 12 கணுக்களாவது கிடைக்க வேண்டும். 14 எடுத்து இரண்டில் புற்று இருந்தால், வேறெங்கும் பரவாதவரை அது மூன்றாம் நிலை. ஐந்தே கிடைத்தன, ஐந்தும் சுத்தம் என்றால் அந்தச் சுத்தத்தை நம்ப முடியாது. “இன்னும் எத்தனை வருஷம் டாக்டர்?” என்ற கேள்விக்குப் பதில் தொடங்குவதே இந்தக் கொழுப்பில்தான்.

ஆனாலும் ஒரே நிலையில் உள்ள இருவருக்கு ஒரே ஆயுள் வாய்ப்பதில்லை. காரணத்தில் ஒரு பங்கு மரபணுவில் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகும்போது சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். பிழை விழுந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எம்எல்எச்1, எம்எஸ்எச்2 முதலிய புரதங்கள் உண்டு. பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதத்தில் இந்த வேலை நின்றுபோய், பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் நிலையில் இந்த வகைப் புற்று உள்ளவர்களுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பலருக்குக் கீமோவே தேவைப்படாது. பிழையான மரபணு விசித்திரமான புரதங்களைச் செய்கிறது. அவை நம் எதிர்ப்பு செல்களின் கண்ணில் பட்டுவிடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கட்டிக்குள்ளேயே அந்தச் செல்கள், அதாவது லிம்போசைட்டுகள், மொய்த்திருக்கும். எனக்கு இன்றும் வியப்பு அடங்காத இடம் இது.

இந்த வாய்ப்புகளை எண்ணாக்குவதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தது 1958-இல். கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் இருந்த வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று கப்லான் என்ற கணித வல்லுநர் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மையர் என்ற புள்ளியியலாளர் நோயாளிகளின் ஆயுளை. இருவரையும் மடக்கியது ஒரே சிக்கல்: முடிவு தெரியாமல் பார்வையிலிருந்து போனவர்களை எப்படி எண்ணுவது? அவர்கள் சேர்ந்து வரைந்த படிக்கட்டுக் கோட்டில், ஒவ்வொரு இறப்புக்கும் கோடு ஒரு படி இறங்கும். தொடர்பு விட்டுப்போனவர் அதுவரை இருந்த காலத்துக்கு மட்டும் கணக்கில் நிற்பார்.

நம் ஊரில் இப்படித் தொடர்பு விட்டுப்போவது பெரிய விஷயம். குணமாகிவிட்டது என்று வராதவரும், இறந்துபோனதால் வராதவரும் ஃபைலில் ஒன்றுபோலவே இருப்பார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1981-இல் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, தபாலில் கேட்டும் வீடு தேடிப் போயும் இந்த வித்தியாசத்தைக் கண்டறிந்தது.

ஏதோ ஒரு வாசலில் நின்று, “ஐயா எப்படி இருக்காரும்மா?” என்று ஒருவர் கேட்கிறார். “கடலுக்குப் போயிருக்காரு” என்று பதில் வருகிறது. கோடு இறங்காமல் இன்னும் கொஞ்சம் நீள்கிறது.